வாளி, செருப்பு, மகன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. முதல் வார்த்தையைப் பார்த்ததும் பதறிப்போய்க் காகிதத்தை மடித்துவிடாதே. தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். 'சீராக இருக்கும் மகனுக்கு, சீராக இருக்கும் தாய் தெரிவிப்பது' என்று தொடங்கினால்தான் தபால் நிலையத்தில் வாங்குவார்கள். இது தபாலில் வரவில்லை. எங்கள் மீன் கிடங்கிலிருந்து நீ இருக்கும் ஊருக்கு வண்டி ஓட்டும் டிரைவர், ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் தருகிறார். நாற்றமடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசி வரை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

அப்பாவின் சோதனைக்கு நேரில் ஆஜராவதாக எழுதியிருக்கிறாய். நீ வரக் கூடாது. வந்தால் அவரை அமைதி இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே போய்த் திரும்பியவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று உணர்ச்சிகளைத் தடை செய்திருக்கும் அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிடங்கில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் அப்படித் திரும்பி வந்தார். ஊட்டினால் வாயைத் திறக்கிறார். தட்டு காலியான பிறகும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி வந்து மூடிவிட வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வேகாது. 'தந்தையின் நிலை அறிந்தேன். சோதனை நாளில் ஆஜராவேன். உடல் சீர். வேலை சீர்.' அவ்வளவுதான். மருந்துப் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம்கூட இதைவிடக் கரிசனமாகப் பேசும். நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும் என்றாவது சொல்லும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மீசை முளைக்கும் முன்பே உன்னைத் துறையின் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள், அவர்கள் சொல்லிக்கொடுத்த மாதிரிதானே எழுதுவாய். ஆனாலும் படித்தபோது வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு என்ன என்று தபாலில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. குளியலறையில் விழுந்தார், வலது பக்கம் வரவில்லை, பேச்சு போய்விட்டது. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மறுநாள் காலையில் ஸ்பூனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அழ ஆரம்பித்தார். விசும்பல் இல்லை, ஓவென்று அழுகை. பிறகு மின்விசிறியைப் பார்த்து அழுதார். ஜன்னலில் உட்கார்ந்த ஈயைப் பார்த்து அழுதார். சில சமயம் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வரும், அதற்கும் காரணம் கிடையாது. டாக்டரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "பயப்படாதீங்கம்மா, உள்ளே ஒண்ணும் இல்லை. மூளையில ஒரு திருகு தளர்ந்துபோச்சு. குழாய் ஒழுகுற மாதிரி முகம் தானா அழுவுது, அவருக்கு சோகமெல்லாம் கிடையாது" என்று. வியாதிதான் என்று எழுதியும் கொடுத்தார். நான் பாதியை நம்பினேன்.

நினைத்துப் பார். ரயில் நிலையத்தில் காலமெல்லாம் அறிவிப்பு சொன்ன மனிதர். வண்டி வந்தாலும் அதே குரல், வண்டி தடம் புரண்டு ஆட்கள் செத்தாலும் அதே குரல். ஊரிலேயே சமமான தொண்டை என்று துறைக்காரர்கள் சால்வை போடாத குறையாகப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த மனிதரின் முகம் இன்றைக்கு ஈயைப் பார்த்து அழுகிறது.

அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறேன். வாயோரம் வழிவதைத் துடைக்கிறேன். மசித்துக் கொடுப்பதை அவர் துப்பினால் என் முகத்திலும் கழுத்திலும் தெறிக்கும். எனக்கு அதில் துளி அருவருப்பு இல்லை. பொழுது விடிந்தால் மீன் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவுகிறவள் நான், சாக்கடையில் செதிள் அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்கிறவள். எனக்கு அருவருப்பு எதைப் பார்த்து வருகிறது என்று இப்போது சொல்கிறேன். இதை மட்டும் நான் தைரியமாகச் சொல்லலாம். கோபம், சோகம், ஆசை, பாசம், பயம், சந்தோஷம் எல்லாவற்றையும் தடை செய்த உன் துறை அருவருப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அது உணர்ச்சியே இல்லையாம், வயிற்றின் வேலையாம், சுகாதாரத்துக்கு நல்லதாம். போகட்டும். எனக்கென்று மிச்சம் வைத்த ஒன்றை நான் வஞ்சனை இல்லாமல் செலவழிக்கிறேன்.

முதலில் எதிர்வீட்டுக்காரி வந்தாள். தீப்பெட்டி கேட்டு வந்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். தீப்பெட்டியைக் கையில் கொடுத்த பிறகும் போகவில்லை. கதவோரம் சாய்ந்து நின்று அவர் முகத்தையே பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். மறுநாள் உப்பு கேட்டு வந்தாள். அதற்கு மறுநாள் ஒன்றும் கேட்கவே இல்லை, உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அண்ணன் எப்பத்திலிருந்து எப்ப வரைக்கும் அழுவாரு?" என்று கேட்டாளே பார்க்கலாம். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி.

பிறகு அவள் புருஷன் வந்தான். அடுத்த தெருவில் துணி வெளுக்கிற கடைக்காரர் வந்தார். மாடியில் இருக்கிற கணக்கு வாத்தியார் வந்தார். உடம்பு விசாரிக்க வந்தோம் என்பார்கள், உடம்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து ஒரு மனிதன் அழுவதை வாய் பார்ப்பார்கள். ஒருவர் கண்ணும் நனையாது, சட்டப்படி நனையக் கூடாது. ஆனால் தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாயைப் பார்த்து நாய் எச்சில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறாயா, அப்படி. போகும்போது முகமெல்லாம் தெளிந்து, மலச்சிக்கல் தீர்ந்தவர்கள் மாதிரி போவார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளை நான் சோடா போட்டுக் கழுவினேன்.

எல்லாரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தெருவிளக்குப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சின்ன மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் செய்த இடத்தில் அவர் முகத்தை இரண்டு அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்களாம், ஒரு சுருக்கம் விழவில்லையாம், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்களாம். அன்று மாலையே ஏணியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அப்பா அழுததை வாசலில் நின்றே கேட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு "அண்ணனுக்கு நன்றி சொல்லிடுங்க" என்றார். அவர் நின்ற இடத்தை நான் கழுவவில்லை.

எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் தன் தங்கை, தங்கை மாமியார், கொழுந்தன் என்று ஒரு கும்பலையே கூட்டிக்கொண்டு வந்தாள். "என் வீட்டுக்காரர் என்ன சர்க்கஸ் காட்டுறாரா? போய் உங்க வீட்டுல யாரையாவது அழச் சொல்லிப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கோபமாகச் சொல்லவில்லை, சத்தம் போடாமல்தான் சொன்னேன். மறுநாளே துறை அலுவலகத்தில் புகார் போயிருக்கிறது. இத்தனை நாள் வயிறு முட்டத் தின்றவள் எழுதியிருக்கிறாள், எதிர்வீட்டில் நடக்கும் அழுகையால் தெருவின் சுகாதாரம் கெடுகிறது என்று.

டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் காட்டினேன். வியாதியா, உணர்ச்சியா என்று நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றார்கள். அதற்கு ஒப்பீட்டுச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்களாமே, உனக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் எனக்கு விவரமாகச் சொன்னார். முதலில் ஒன்றுக்கும் உதவாத சாமான்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைப்பார்கள். பிறகு சொந்தக்காரர்களை நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அழுதால் வியாதி. சொந்தக்காரரைப் பார்த்து அழுகை மாறினால் உணர்ச்சி. கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். சாமான் எதுவாக இருக்கும் என்று கேட்டேன். வீட்டில் கிடைப்பதைத்தான் எடுப்பார்கள், முக்கால்வாசி வாளியும் செருப்பும்தான் என்றார்.

அப்போதுதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அப்பா எல்லாவற்றுக்கும் அழுகிறவர்தான், ஆனால் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. சோதனை நேரத்தில் வாளியைப் பார்த்துக் கம்மென்று இருந்து தொலைத்தால் என்ன செய்வது? பழக்கிவிடுவோம் என்று நினைத்தேன். நம் வீட்டு நீல வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வைத்த வாளியைச் சும்மா வைப்பானேன், அதிலேயே வெந்நீர் ஊற்றி அவர் உடம்பைத் துடைத்துவிட்டேன். காலை ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை. இழுத்துக்கொண்ட கையை வெந்நீரில் முக்கி வைத்தால் விரல்கள் மெதுவாக விரியும். பார்க்கவே ஆறுதலாக இருக்கும். வாளியைப் பார்த்து அழப் பழக்குகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் நாள் முழுவதும் வாளிக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்.

சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நெட்டை, நிலைப்படியில் குனிந்து வந்தார். இன்னொருவர் வாயில் எப்போதும் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர், கன்னம் புடைத்திருக்கும். வெள்ளைக் கையுறை. அப்பாவின் கண்ணுக்குக் கீழே ஆளுக்கொரு உறிஞ்சுதாளை ஒட்டினார்கள். நனைந்ததும் எடுத்து ஒரு குட்டித் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். நாம் சாப்பிடுகிற மேஜையில், நாம் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தராசு. மிட்டாய்க்காரருக்கு எடையைப் படிக்க வாய் தடையாக இருந்ததோ என்னவோ, சப்பிக்கொண்டிருந்ததை எடுத்து என் தட்டில் வைத்தார். படித்து முடித்ததும் எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு மனிதனின் கண்ணீரையும் தன் எச்சிலையும் ஒரே கையுறையால் தொட்டார்.

செருப்பைக் காட்டினார்கள், அழுதார். ஒரு செங்கல்லைக் காட்டினார்கள், அழுதார். எனக்கு நம்பிக்கை வந்தது. வாளியைத் தூக்கி வைத்தார்கள். அப்பா சிரித்தார், மகனே. வாய் ஒரு பக்கம் கோண, வாய்விட்டுச் சிரித்தார். நல்ல கையை நீட்டி வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னால் விடவில்லை. அதிகாரிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை மெதுவாக, "வாளியா?" என்றார். மிட்டாய்க்காரர், "வாளிதான் சார், வேற யாரும் அங்க இல்லையே" என்றார்.

அடுத்தது நான். போய் எதிரே நின்றேன். அழுதார். உறிஞ்சுதாளை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். செருப்புக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. இம்மியும் மாறவில்லை. மிட்டாய்க்காரர் சத்தமாகச் சொன்னார், "மனைவி, செருப்பு, ரெண்டும் சமம்" என்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? உயிர் பிழைத்தார் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நொடியே ஊசி குத்தியது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, கடைசியில் நானும் செருப்பும் ஒன்றா? அந்த வாளிக்கு ஒரு சிரிப்பு, எனக்கு ஒன்றும் கிடையாதா? வாளியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வயதில், அந்த நேரத்தில், பிளாஸ்டிக் வாளியின் மேல். என்னை நினைத்து எனக்கே குமட்டியது.

சாமான் மேல் பற்று வைப்பது சின்னக் குற்றமாம், ஆளைக் கொண்டுபோக மாட்டார்கள், சாமானைத்தான் கொண்டுபோவார்கள். வாளியின் வாயைச் சாக்கால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அவர் எதில் குளிப்பார் என்று கேட்டேன். "பற்று வராத மாதிரி வேற ஒண்ணுல குளிக்க வைங்க" என்று நெட்டை சொன்னார். அதோடு போயிருந்தால் நானே அந்த வாளியைத் தலையில் சுமந்துபோய் அவர்கள் அலுவலகத்தில் இறக்கியிருப்பேன். ஆனால் வாளி கணக்கைக் குழப்பிவிட்டதாம், இன்னொரு சொந்தக்காரரை நிறுத்திப் பார்த்தால்தான் கோப்பை மூட முடியுமாம். நெட்டை வாளிக்கு ரசீது எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "மகன் தலைமை அலுவலகத்துலதான இருக்காரு. மகன் வந்து நிக்கட்டும்" என்றார்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

'மகன்' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் அழுகை நின்றது. செருப்புக்கும் செங்கல்லுக்கும் எனக்கும் நிற்காத அழுகை, கையை வைத்து அடைத்த மாதிரி நின்றது. முகம் நேரானது. கோணிய வாய்கூடச் சரியான மாதிரி எனக்குத் தோன்றியது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதே முகம். மிட்டாய்க்காரர் குனிந்து தராசைப் பெட்டியில் அடக்கிக்கொண்டிருந்தார், நெட்டை ரசீது எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு சோதித்துப் பார்த்தேன். அவர்களைத் திட்டிவிட்டு அவர்கள் வேலையையே நானும் செய்தேன். அவர் அழும்போது பக்கத்தில் போய், "என்னங்க, பிள்ளை வரானாம்" என்றேன். நின்றது. மாலையில் மறுபடி சொன்னேன். நின்றது. உன் பெயரைச் சொல்லக்கூட வேண்டாம், பிள்ளை என்றால் போதும். அந்த முகத்தில் ஒரு துளி ஈரம் இல்லாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் உன் துறை ஆசைப்படுகிற மாதிரியே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாரே, அவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

புரிகிறதா? நீ வந்து எதிரே நின்றால் அவர் அழ மாட்டார். உறிஞ்சுதாள் காய்ந்தபடியே இருக்கும். அவர் வாழ்க்கையிலேயே முகம் சட்டத்துக்கு முழுசாகக் கட்டுப்படப்போகிற நேரம் அதுதான், அதை வைத்தே அவரைக் கொண்டுபோவார்கள். கேட்டாலே நிற்கிற அழுகை, உன்னைக் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். வாளி மாதிரி உன்னையும் முத்திரை வைத்து எடுத்துப்போனாலும் ஆச்சரியமில்லை.

ஒரு வழி இருக்கிறது. கம்பவுண்டர் சொன்னார். நீ துறையில் இரண்டு சாட்சிகள் முன்னால் நின்று, இந்த வீட்டில் இருப்பவர்கள் எனக்கு யாரும் அல்ல என்று வாயால் சொல்லிவிட்டால், சட்டப்படி நீ எங்களுக்கு அயலான். அயலானை நிறுத்திச் சோதிக்கிற வழக்கம் இல்லை. கோப்பு மூடிவிடும். அப்பா வியாதிக்காரராகவே இங்கே கிடப்பார். நானும் கூடக் கிடப்பேன். அதற்குப் பிறகு நீ இந்தத் தெருவுக்கு வரக் கூடாது, கடிதம் போடக் கூடாது, நாங்களும் போடக் கூடாது. ஒருவர் செத்தால் இன்னொருவருக்குத் தெரிவிக்க மாட்டார்கள். எல்லாம் விசாரித்துவிட்டேன். அதைத்தான் செய்யச் சொல்கிறேன். சம்மன் தேதிக்கு முன்பே சொல்லிவிடு.

சொல்லும்போது உன் முகத்தையும் பார்ப்பார்கள். உன் கண்ணுக்குக் கீழேயும் தாள் ஒட்டுவார்கள். துறையில் என்ன பயிற்சி கொடுத்திருந்தாலும் அதை நம்பாதே, மூச்சை எண்ணுவது, சுவரைப் பார்ப்பது எல்லாம் பெற்றவர்களைப் பற்றிப் பேசும்போது உதவாது. நான் செய்கிறதைச் சொல்கிறேன். அழுகை வரப்போகிறது என்று தெரிந்தால் எதையாவது பார்த்து அருவருக்க ஆரம்பித்துவிடு. மூக்கு சுருங்கினால் கண் நனையாது. எதிர்வீட்டுக்காரி உதட்டை நக்கியதை நினைத்துக்கொள். என் தட்டில் வைத்த மிட்டாயை நினைத்துக்கொள். அது நூலாக எச்சில் இழுத்துக்கொண்டு மறுபடி அந்த வாய்க்குள் போனதை நினைத்துக்கொள். பத்தாவிட்டால், பெற்ற பிள்ளையிடமே எங்களை வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற இந்த அம்மாவை நினைத்துக் காறித் துப்பு. அதற்காகத்தான் இத்தனை அசிங்கத்தையும் ஒன்று விடாமல் எழுதினேன். வேறு நல்ல செய்தி எழுத எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. நல்லதை எழுதினால் உன் முகம் தாங்காது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதினால் அதுவும் உன் துறைத் தாள் மாதிரி இருக்கும். கவலைப்படு. உள்ளே வைத்துக்கொண்டு படு. கையில் கத்திக் காயம் ஒன்று ஆறாமல் இருக்கிறது, ஆறிவிடும். வேலை போகவில்லை. புது வாளி வாங்கியிருக்கிறேன், சிவப்பு. அதன் மேல் பற்று வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்பாவின் கண்ணில் படாமல் முதுகுப் பக்கமாக வைத்துத்தான் துடைத்துவிடுகிறேன். இப்படி ஒரு பிழைப்பு.

எதிர்வீட்டுக்காரி இப்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு ஏமாற்றம். அப்பா அழுவதில்லை, அழாதவர் மேல் புதிதாகப் புகார் எழுத முடியாது. காலையில் அவரை வாசலைப் பார்த்து உட்கார வைக்கிறேன், காதோரம் குனிந்து "நாளைக்கு வரான்ங்க" என்கிறேன். அன்றைய பொழுது முழுவதும் முகம் வறண்டு, அடங்கி, யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி உட்கார்ந்திருக்கிறார். மறுநாளும் அதையே சொல்கிறேன். நேற்று சொன்னது அவர் நினைவில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. நீ சாட்சிகள் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவரை அமைதி இல்லத்துக்கு அனுப்பாமல் காப்பாற்ற என்னிடம் இருக்கும் மருந்து இந்தப் பொய் ஒன்றுதான். தினமும் ஒரு வேளை.

நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு பெண் அமையட்டும். உனக்குப் பிள்ளை பிறக்கும்போது அதன் அழுகையை யாரும் தாள் வைத்து ஒற்றி எடுக்காத ஊராக அது இருக்கட்டும். எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ இரு. மகனே, உன் காலில் விழுந்து கேட்கிறேன், வந்துவிடாதே.

இப்படிக்கு,
இனி உனக்கு யாரும் அல்லாத,
அம்மா